நோய்க்கு வயதுண்டோ?

உழைப்பவன் ஓய்வு பெறும் வயது 60 என மலேசியச் சட்டம் வகுத்துள்ளது. 2013 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த அவ்வயதை 65 ஆக உயர்த்தலாம் என்னும் பேச்சு 2025இல் மீண்டும் தலைதூக்கியது. ஆயுள் நீண்டுவிட்டது, ஆகவே உழைப்பும் நீளட்டும் என்கின்றனர் அறிஞர் பெருமக்கள். குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்போர்க்கு அறுபத்தைந்து என்பது ஓர் எண். செம்பனைக் குலை அறுத்த தோளுக்கோ அது மேலும் ஐந்தாண்டு வலி.

வயதைப் பற்றி இத்துணை வாதம் புரிவோர், அவ்வயதை எட்டுமுன் நோயில் வீழ்கின்றவனைப் பற்றி வாய் திறவாதது ஏன்?

தொழிலாளி வேலையிடத்தில் விபத்துக்குள்ளானால், தேறும்வரை அவனுடைய நாட்கூலியில் 80 விழுக்காட்டைச் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் வழங்குகிறது. 1971இல் தோன்றிய அந்நிறுவனத்தின் இப்பணியைக் குறை கூறுதற்கில்லை. ஆனால் அதே தொழிலாளி பக்கவாதத்தால் வீழ்ந்தால்? பணிக்காலத்திற்கேற்ப ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் மருத்துவ விடுப்பு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள். அதன்பின் இயலாமை ஓய்வூதியம் உண்டே என்பர். அதன் வாயிற்படிகளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நோய் நிலையானது என மருத்துவ வாரியம் ஒப்ப வேண்டும். நலமுள்ள ஒருவன் ஈட்டுவதில் மூன்றிலொரு பங்கைக்கூட ஈட்ட இயலாதவன் என மெய்ப்பிக்க வேண்டும். குறைந்தது 24 மாதச் சந்தா செலுத்தியிருக்க வேண்டும்.

மெல்ல மெல்லத் தேறிவரும் நோயாளி நலமுற்றவனும் அல்லன். சட்டத்தின் கண்ணில் இயலாதவனும் அல்லன். ஆறு மாதமோ ஓராண்டோ, அவன் வீட்டு அடுப்பு எதனால் எரியும்? அவ்வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வாராத நாள்களைத் தமிழாசிரியர் வருகைப் பதிவேட்டில் குறிக்கிறார். காரணம் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஆசிரியர் நோயுற்றால் அரசுப் பணியின் விதிகள் அவரைத் தாங்கும். ஒப்பந்தக் கூலியான அத்தகப்பனைத் தாங்க எவ்விதியும் இல்லை. சுயதொழில் செய்வோருக்கென 2017இல் வந்த சட்டமும் தொழில் விபத்தோடு நின்றுவிட்டது. வாடகை வண்டி ஓட்டுநர் வண்டி மோதிக் காலை இழந்தால் உதவி உண்டு. நீரிழிவால் இழந்தால் இல்லை. கால் ஒன்றுதானே!

அறுபதைக் கடந்தோர் நிலை இன்னும் கொடிது. சேமிப்புப் போதாமல் 62இலும் காவற்பணிக்குச் செல்லும் முதியவருக்குத் தொழில் விபத்துப் பாதுகாப்பு மட்டுமே உண்டு. இயலாமைத் திட்டம் அவருக்குக் கதவடைத்துவிடுகிறது. ஓய்வு வயது 60 ஆனபோது அக்கதவும் 55இலிருந்து 60க்குத் தள்ளி வைக்கப்பட்டதன்றோ என்பர். உண்மையே. கதவு நகர்ந்தது, விடுப்பு முடியும் நாளுக்கும் கதவுக்கும் இடையிலுள்ள பள்ளம் நிரப்பப்படவில்லை.

ஊழியர் சேமநிதி இருக்கிறதே என்று வாதிடுவோரும் உளர். சேமநிதி தொழிலாளியின் சொந்தப் பணம். முதுமைக்கென 1951 முதல் பிடிக்கப்படுவது. நோய்க்காக இன்று எடுத்தது நாளை கிழப்பருவத்தில் இராது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 முதல் 2022 வரை, ஏறத்தாழ 145 பில்லியன் வெள்ளி அதிலிருந்து எடுக்கப்பட்டது. முதுமையை விற்று இளமையின் பட்டினியைத் தீர்ப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயரிடுதல் தகாது.

ஓய்வு வயதை 65 ஆக்க விழைவோர், மருத்துவ விடுப்பு தீர்ந்த நாள்முதல் மருத்துவ வாரியம் முடிவு கூறும் நாள்வரை, விபத்துக்குத் தரும் அதே 80 விழுக்காட்டை நோய்க்கும் தரும் சட்டத்தை முதலில் நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். சந்தா உயரும் என முதலாளிமார் முணுமுணுப்பர். இயலாமைத் திட்டத்திற்கு அவர்கள் இன்று செலுத்துவது ஊதியத்தில் ஏறத்தாழ அரை விழுக்காடு. தொழிலாளி செலுத்துவதும் அதே அரை விழுக்காடு.