வீசும் கையைக் காப்பது யார்?

2024 செப்டம்பர் 12. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணிக்காக 24 வயது இளைஞர் ஒருவர் பந்து வீச வந்தார். பெயர் குமார் ராக்கர். தந்தை ட்ரேசி ராக்கர், அமெரிக்கக் கால்பந்தில் பெயர் பெற்றவர். தாய் இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர். நான்கு இன்னிங்ஸ் வீசி, ஒரே ஒரு ரன் கொடுத்து, ஏழு பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார் குமார். மேஜர் லீக் பேஸ்பாலில் அதுதான் அவருக்கு முதல் ஆட்டம்.

அந்த இடத்துக்கு அவர் நேர்வழியில் வந்து சேரவில்லை. 2019-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் 19 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தவர் அவர். 2021-ல், அணிகள் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும் ஆண்டுத் தேர்வில், நியூயார்க் மெட்ஸ் அணி பத்தாவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் போடாமல் பின்வாங்கியது. நாடே கொண்டாடிய கை, ஓராண்டு வேலையின்றி நின்றது. 2022-ல் ட்ரை-சிட்டி என்ற சிறிய அணிக்கு ஆடி, தன் கை இன்னும் வீசும் என்று காட்டினார். அந்த ஆண்டுத் தேர்வில் ரேஞ்சர்ஸ் அவரை மூன்றாவது ஆளாக எடுத்தது. மறு ஆண்டு மே மாதம் முழங்கையில் அறுவை சிகிச்சை. அதிலிருந்து மீண்டு வந்த பிறகுதான் சியாட்டில்.

‘டாமி ஜான்’ என்று விளையாட்டு உலகம் அழைக்கும் அறுவை சிகிச்சை அது. முழங்கையின் உள்பக்கம், மேல்கை எலும்பையும் கீழ்கை எலும்பையும் பிணைக்கும் ஒரு சிறு தசைநார் உண்டு. வேகமாக வீசும் ஒவ்வொரு முறையும் அதுதான் இழுபடுகிறது. ஆண்டுக்கணக்கில் இழுபட்டால் நைந்து அறுந்துவிடும். உடம்பின் வேறொரு பகுதியிலிருந்து தசைநாண் எடுத்து, எலும்பில் துளையிட்டுக் கோத்து அந்த இடத்தைச் சரிசெய்கிறார்கள். 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜானுக்கு முதன்முதலாக இதைச் செய்தார். அதற்குப் பிறகு ஜான் 1989 வரை ஆடினார். இந்தச் சிகிச்சைக்குப் பின் ஆட்டத்துக்குத் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆகும். அந்த ஓராண்டு முழுவதும் ஒருவருக்குச் சோறும் சம்பளமும் பயிற்சியும் கொடுக்க யாராவது இருந்தாக வேண்டும்.

இனி நம் நாட்டுப் பையன் ஒருவரைப் பார்க்கலாம். ரிங்கு சிங், உத்தரப் பிரதேசம் பதோஹியைச் சேர்ந்தவர், ஈட்டி எறிந்து வந்தவர். 2008-ல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற போட்டி இந்தியாவில் நடந்தது. பந்தை யார் வேகமாக, குறிதவறாமல் எறிகிறார் என்பதே தேர்வு. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எறிந்தார்கள். மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர் வேகத்தில் இடக்கையால் எறிந்த ரிங்குவுக்கு ஒரு லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. அவரையும் வாராணசிப் பக்கத்துத் தினேஷ் படேலையும் அமெரிக்காவுக்கு அழைத்துப் போய், டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் விட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2014-ல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் இந்தக் கதையை டிஸ்னி படமாக எடுத்தது. ஒப்பந்தம் கிடைப்பதோடு படம் முடிகிறது.

வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. மேஜர் லீக்குக்குக் கீழே ரூக்கி, ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று படிகள் உண்டு. சிறு ஊர்கள், இரவுப் பேருந்துகள், குறைந்த சம்பளம். தினேஷை 2010 இறுதியில் விடுவித்துவிட்டார்கள். ரிங்கு ஏறினார். ஆஸ்திரேலிய லீக்கில்கூட ஆடிப் பார்த்தார். 2012-ல் மேற்கு வர்ஜீனியாவின் ‘ஏ’ நிலை அணிக்கு ஒரு முழுப் பருவமும் வீசினார். 2013 முதல் கைக்காயம் அவரை வெளியே உட்கார வைத்தது. டபுள் ஏ-வைக்கூட அவர் தொடவில்லை. 2018-ல் மல்யுத்தக் காட்சி நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.ஈ.யில் சேர்ந்தார்.

ரிங்குவைத் தோற்றவர் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயது வரை பேஸ்பாலைத் தொடாத ஒருவர், ஐந்தாறு வயதிலிருந்தே அதை எறிந்து வளர்ந்தவர்களோடு மோதி அவ்வளவு தூரம் போனதே பெரிது. குமார் ராக்கருக்குத் தந்தையின் அனுபவம் இருந்தது, கல்லூரி இருந்தது, கை பழுதானபோது காத்திருக்க வசதி இருந்தது. இருவருக்கும் இடையிலான தூரத்தைத் திறமையால் மட்டும் அளப்பது நியாயமல்ல.

நம் பக்கத்தில் இதற்கு நல்ல சாட்சி சேலம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் நடராஜன். அப்பா தறி வேலை செய்தவர், அம்மா சாலையோரக் கோழிக்கடை நடத்தியவர். இருபது வயது வரை டென்னிஸ் பந்துதான். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். உடனே வீசும் முறையில் சந்தேகம் என்று புகார் எழுந்தது. கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது. பல பையன்களின் கதை அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. நடராஜனுக்கு அப்படி ஆகவில்லை. ஊரில் ஜெயப்பிரகாஷ் என்பவர் அண்ணனைப் போலத் துணை நின்றார். சென்னையில் பயிற்சியாளர்கள் அவருடைய கையைப் படிப்படியாக மாற்றி அமைத்தார்கள். 2016-ல் டி.என்.பி.எல்., 2017-ல் மூன்று கோடி ரூபாய்க்கு ஐ.பி.எல். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வலைப்பயிற்சியில் வீசப் போனவர், அதே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பிறகு முழங்கால் அறுவை சிகிச்சை. இந்திய அணியில் இடம் தொடரவில்லை. ஆனாலும் 2024 ஐ.பி.எல்.லில் 19 விக்கெட் எடுத்தார். 2023-ல் சொந்த ஊரில் ஒரு மைதானமும் கட்டித் தந்திருக்கிறார். ஜெர்ஸியில் ‘ஜே.பி. நட்டு’ என்று எழுதிக்கொண்டு ஆடியவர் அவர். தன்னைத் தாங்கியவர் யார் என்பது அவருக்குத் தெரியும்.

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், பெருங்கடவிளையிலிருந்து பாறசாலை வரை, வாழைக்கும் மரச்சீனிக்கும் நடுவே மிச்சமிருக்கும் வயல்களில் பையன்கள் ஆடும் ‘கண்டம் கிரிக்கெட்’டைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், இங்கே வேகமான கைகளுக்குப் பஞ்சமில்லை. இதே தாலுகாவின் கடலோரப் புல்லுவிளையிலிருந்து சஞ்சு சாம்சன் இந்திய அணிக்குப் போனார். 2015-ல் முதல் டி20 ஆடியவர், இரண்டாவதுக்கு 2020 வரை காத்திருந்தார். போலீஸ் வேலையில் இருந்த அவருடைய தந்தை விஸ்வநாதும் ஒரு கால்பந்து வீரர். விளையாட்டுக்காரனின் காத்திருப்பு என்னவென்று அறிந்த வீடு அது. கூலி வேலைக்கும் ரப்பர் பால்வெட்டுக்கும் போகும் வீட்டில் அப்படிக் காத்திருக்க முடியுமா?

‘ஒரு பஞ்சாயத்து, ஒரு களிக்களம்’ என்று கேரள அரசு மைதானங்கள் கட்டுகிறது. நல்ல திட்டம், வரவேற்க வேண்டியது. காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது; மாவட்டத்திலேயே ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. ஆனால் கண்டத்தில் வீசிவிட்டு முழங்கை வீங்கி வரும் பதினாறு வயதுப் பையன் இன்று போவது தைலம் தேய்க்கும் இடத்துக்குத்தான். வலி குறைந்ததும் மறுபடி வீசுகிறான். இரண்டு வருடத்தில் அந்தக் கை முடிந்துவிடுகிறது. அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

நெய்யாற்றின்கரைப் பொது மருத்துவமனையில் வாரத்தில் ஒரு மாலை, விளையாடும் பிள்ளைகளுக்கென்று ஒரு எலும்பு மருத்துவரும் ஒரு பிசியோதெரபிஸ்டும் உட்கார்ந்தால் போதும், தொடங்கிவிடலாம். காரியவட்டத்துக் கல்லூரி மாணவர்கள் மாதம் ஒருமுறை வந்து, பிள்ளைகள் வீசும் முறையைப் பார்த்துத் திருத்தலாம். பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள், வலி என்று சொல்லும் பிள்ளையை அங்கே அனுப்பினால் மீதி நடக்கும். புதிய கட்டடம் வேண்டாம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைக் கோரிக்கையாக எழுதிக் கொடுங்கள். பஞ்சாயத்து உறுப்பினரை விடாமல் கேளுங்கள்.