கூரை கொடுக்கிறோம், கீழே விரிக்க என்ன கொடுக்கிறோம்?



அன்பின் உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. மாரி தொடங்குவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் திருக்கோவில் கடற்கரையில் சாரணர் மாணவர்களோடு ஓர் இரவு தங்கினோம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்த முகாம். ஆசிரியர்களாகிய நாங்கள் பல நாட்களாகத் திட்டமிட்டோம். டென்ட் யாரிடம் வாங்குவது, சமையலுக்கு யார், லைட்டுக்கு என்ன வழி, கடலில் யாரும் இறங்காமல் யார் பார்த்துக்கொள்வது என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டோம். கீழே எதை விரித்துப் படுப்பது என்ற ஒன்று மட்டும் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. "வீட்டிலிருந்து ஒரு பெட்சீற் கொண்டு வாங்க" என்று சொன்னதோடு சரி.

இரவு பத்து மணி வரைக்கும் மணல் இளஞ்சூடாக இருந்தது. பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு படுத்தார்கள். இரண்டு மணியளவில் ஒரு மாணவர் எழுந்து வந்து, "சேர், கீழ ஐஸ் மாதிரி கெடக்கு, முதுகெல்லாம் ஈரம்" என்றார். போய்ப் பார்த்தால் பாதிப் பேர் விழித்துக் கிடக்கிறார்கள். கொண்டுவந்த பெட்சீற்றை எல்லோரும் மேலே போர்த்தியிருந்தார்கள். கீழே மெல்லிய டென்ட் துணி, அதற்குக் கீழே மணல். விடியும் வரை நாங்களும் தூங்கவில்லை, பிள்ளைகளும் தூங்கவில்லை.

மறுநாள் காலை அந்தப் பக்கமாக வந்த ஒரு வயதான அம்மாவிடம் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் பல வருடம் கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போனவர். "தம்பி, மேல மூடுறத விட கீழ விரிக்கிறதுதான் குளிருக்குக் காவல்" என்றார். நாங்கள் விஞ்ஞானப் பாடத்தில் வெப்பக் கடத்தல் என்று படிப்பிப்பதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். யாத்திரிகர்கள் வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, மட்டக்களப்பு, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று நமது ஊர்களூடாக நடந்து, உகந்தையில் காட்டுக்குள் இறங்கி, குமண, யால வழியாகக் கதிர்காமம் சேருகிறார்கள். ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட இரவுகள் வெளியில் படுக்கிறார்கள். அவர்கள் தோளில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, ஒரு பாய், ஒரு துணி. ஜமாஅத்தில் செல்லும் நமது சகோதரர்களும் அப்படித்தான், படுக்கையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போகிறார்கள். படுக்கை என்பது பயணத்தின் பாதி என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் கட்டிலில் படுக்கும் நாம்தான் மறந்துவிட்டோம்.

இது ஒரு முகாமின் கதையாக மட்டும் இருந்தால் இவ்வளவு எழுதமாட்டோம். அந்த இரவில் எங்களுக்கு நினைவுக்கு வந்தது வேறு.

2004 டிசம்பர் 26. இலங்கையிலேயே அதிக உயிர்களைச் சுனாமி கொண்டுபோனது நமது அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், திருக்கோவில், தம்பிலுவில் என்று எந்த ஊரும் தப்பவில்லை. தப்பியவர்கள் பள்ளிவாசலிலும் கோவிலிலும் பாடசாலையிலும் படுத்தார்கள், பிறகு டென்டுக்குள் போனார்கள். அந்த டென்டுகளை நாங்கள் மறக்கவில்லை. பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை. இரவில் மழை வந்தால் கீழே தண்ணீர். போர்த்திக்கொள்ளக் கம்பளி கிடைத்தது, விரித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. நனைந்த கம்பளியை மடித்துக் கீழே போட்டு, அதன்மேல் கைக்குழந்தையைக் கிடத்திய தாய்மாரை நாங்கள் கண்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகும் எத்தனை வெள்ளம் வந்துவிட்டது! 2024 நவம்பர் இறுதியில் வந்த வெள்ளம் மாவடிப்பள்ளியில் நமது மத்ரசாப் பிள்ளைகளையும் கொண்டுபோனது. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. ஒவ்வொரு வெள்ளத்திலும் நமது இளைஞர்கள் ஓடி ஓடி வேலை செய்கிறார்கள். சமைத்த சாப்பாடு வந்துவிடும். உலர் உணவுப் பொதி வந்துவிடும். அதில் நமது சமூகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஒரு முகாமுக்குள் போய்ப் பாருங்கள். வகுப்பறையின் சீமெந்துத் தரையில் ஒரு பிளாஸ்டிக் பாய், அதில் நான்கு பேர். முதியவர்கள் சுவரில் சாய்ந்தபடி இருந்துகொண்டே விடியவிடக் காத்திருக்கிறார்கள். வயிறு நிறைந்திருக்கிறது, தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் இருமல், நான்காம் நாள் மூட்டுவலி, ஐந்தாம் நாள் வாய்ச்சண்டை. இதில் பாதிக்குக் காரணம் தூக்கமின்மை என்பது எங்கள் கருத்து.

சிலர் கேட்பார்கள்: "ரசூலுல்லாஹ் ஈச்சம் பாயில் படுத்தார்கள், விலாவில் பாயின் தடம் பதிந்திருந்தது, நமக்கு என்ன மெத்தை?" உண்மைதான். அதைப் பார்த்து உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் அழுததையும் நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் நபியவர்கள் அந்த எளிமையைத் தமக்குத் தேர்ந்துகொண்டார்கள். அதைக் காட்டி, வீடிழந்து வந்தவரை வெறுந்தரையில் படுக்கவைக்க நமக்கு உரிமை இல்லை. வீட்டில் எத்தனை விரிப்பு இருக்கலாம் என்று சொல்லித் தந்த ஹதீஸில், கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்றதும் அடுத்தது விருந்தாளிக்குத்தான். அதற்கு மேற்பட்டதைத்தான் ஷைத்தானுக்குரியது என்றார்கள். ஆக, நமது அலுமாரியில் மடித்து வைத்த நான்காவது, ஐந்தாவது விரிப்பைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். முகாமுக்கு வந்தவர் நமது விருந்தாளி. அவருடைய விரிப்பு நமது கடமை.

சரி, எதை வாங்குவது? இங்கேதான் நாம் பிழை விடுகிறோம். பார்க்கத் தடிப்பாக இருப்பதெல்லாம் நல்ல படுக்கை என்று நினைக்கிறோம்.

உடம்பின் சூட்டை நிலத்துக்குப் போகாமல் தடுப்பது படுக்கைக்குள் அடைபட்ட காற்று. போர்வையோ தூக்கப்பையோ, உடம்பின் பாரத்தில் நசுங்கினால் கீழ்ப்பக்கத்தில் காற்று இல்லை, சூடும் நிற்காது. தண்ணீர், காற்றை விட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால்தான் மலிவான ஸ்பொன்ஞ் மெத்தை டென்டுக்கு ஆகாது. ஒருமுறை நனைந்தால் அது தண்ணீர்ப் பை, மாரி காலத்தில் காயவே காயாது, மூன்றாம் நாள் மணக்கத் தொடங்கிவிடும். காற்றடிக்கும் மெத்தையும் பார்க்க அழகுதான். ஒரு நெருஞ்சி முள் போதும், கதை முடிந்தது. முள் குத்தாவிட்டாலும், அதன் உள்ளே காற்று சுற்றிக்கொண்டே இருப்பதால் நிலத்துக் குளிர் மேலே வரும். இருவர் படுத்தால் ஒருவர் புரளும்போது மற்றவர் எழும்புவார்.

எங்கள் அனுபவத்தில் நமது கரையோரத்துக்குப் பொருத்தமானது நான்கு அடுக்கு. முதலில் தறப்பாள், அது ஈரத்தை நிறுத்தும். அதன் விளிம்பு டென்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நீட்டினால் மழைத் தண்ணீரை உள்ளே கூட்டிக்கொண்டு வரும். இரண்டாவது, தண்ணீர் குடிக்காத றப்பர் போன்ற ஃபோம் விரிப்பு, பிள்ளைகள் விளையாடப் போடுகிறோமே, அது. அது இல்லையா? காட்போட் பெட்டிகளைப் பிரித்து இரண்டு மூன்று தட்டாகப் போடுங்கள். சிறுபோக அறுவடை முடிந்ததும் காய்ந்த வைக்கோலை உரப்பைகளில் அடைத்து வாய் தைத்து வைத்தாலும் போதும். வயல் வாடியில் காவல் கிடந்த நமது வாப்பாமார் அதில் படுத்தவர்கள்தான். மூன்றாவது பன்பாய். நான்காவது பருத்தி விரிப்பு.

பன்பாயைப் பற்றி ஒரு வார்த்தை. குளக்கரையில் வளரும் பன்னை வெட்டி, காயவைத்து, சாயம் ஊட்டி நமது பெண்கள் இழைக்கும் பாய் அது. காற்றோட்டம் உள்ளது, வியர்வையில் முதுகில் ஒட்டாது. பிளாஸ்டிக் பாய் வந்தபிறகு அதை நாம் கைவிட்டோம், இழைத்த கைகளும் குறைந்துவிட்டன. அதில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. தனியே போட்டால் மெல்லியது, ஈரத்தில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் காயவைத்து, நிலத்தில் படாமல் உயர்த்தி வைக்க வேண்டும். பருத்தி விரிப்புக்கு மருதமுனை கைத்தறி இருக்க, கொழும்பில் இருந்து நைலோன் துணி வாங்கி வருவது ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

அடுத்தது நுளம்பு வலை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அதனால் வலை தேவையில்லை என்றாகிவிடாது. தரையில் படுப்பவருக்கு நுளம்பை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கட்டுவிரியன் இரவில் திரியும், தரையில் தூங்குபவரைக் கடிக்கும், கடித்தது தெரியாமலே போகலாம். வலையின் விளிம்பைப் பாய்க்குக் கீழே சுற்றிவரச் செருகிவிட்டால் பாம்புக்கும் அது ஒரு தடை. படுக்குமுன் விரிப்பைத் தட்டிவிட்டுப் படுக்கச் சொன்ன சுன்னத்தும் இங்கேதான் விளங்குகிறது. டென்டுக்குள் நுளம்புச் சுருள் கொளுத்தவே வேண்டாம், துணியும் வைக்கோலும் இருக்கும் இடம்.

டென்டை முழுக்க மூடியும் படுக்காதீர்கள். ஓர் ஆள் ஒரு இரவில் மூச்சிலும் தோலிலும் ஏறத்தாழ ஒரு கிளாஸ் தண்ணீரை வெளியே விடுகிறார். நான்கு பேர் என்றால் நான்கு கிளாஸ். காற்றுப் போக வழி இல்லாவிட்டால் அது துணியில் பனித்து நமது விரிப்பில்தான் சொட்டும்.

நுவரெலியாவுக்கு வேன் பிடித்துக் குடும்பத்தோடு போய், வேனுக்குள்ளேயே படுத்து எழும்பும் பழக்கம் இப்போது கூடியிருக்கிறது. அவர்களுக்கும் இதே கணக்குத்தான், ஆனால் அங்கே குளிர் வேறு. ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேல். நமது கரையில் அவியவைக்கும் தூக்கப்பை அங்கே அவசியம். சீட்டுகளுக்கு மேலே பலகை போட்டுச் சமப்படுத்தி, அதன்மேல் தும்பு மெத்தையோ தடித்த ஃபோமோ விரியுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு தூங்காதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.

முகாம்களில் வயோதிபர்களுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் தரையே ஆகாது. படுப்பது ஒரு பாடு, எழும்புவது இரண்டு பாடு. பாடசாலை மேசைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி மேலே விரித்தால் ஒரு கட்டில். பெண்கள் பக்கத்துக்கு ஒரு திரை. சர்வதேச நிவாரண விதிகளில் ஓர் ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் இடம் என்று இருக்கிறது. நமது வகுப்பறைகளில் அது எப்போதும் கிடைக்காது. கிடைக்கும் இடத்தையாவது உலர்ந்ததாகக் கொடுப்போம்.

எங்கள் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு பள்ளிவாசலும், ஒவ்வொரு கோவிலும், ஒவ்வொரு பாடசாலையும் ஒக்டோபர் முடிவதற்குள் ஓர் உயரமான அறையில் தறப்பாள், பாய், விரிப்பு, நுளம்பு வலை என்று ஐம்பது பேருக்கானதை வைத்திருக்கட்டும். பாயை நமது பெண்களிடம் வாங்குவோம், விரிப்பை மருதமுனைத் தறியில் வாங்குவோம். காசு நமக்குள்ளேயே நிற்கும். வெள்ளம் வராத வருடம் சாரணர் முகாமுக்குக் கொடுக்கலாம், ஜூன், ஜூலையில் யாத்திரிகர்கள் நமது ஊரில் தங்கும் இரவில் கொடுக்கலாம். தண்ணீர்ப் பந்தல் போடும் கைகளுக்கு ஒரு பாய் விரிப்பது பாரமில்லை. சுனாமி இரவில் கோவிலில் முஸ்லிமும் பள்ளிவாசலில் தமிழரும் படுத்த ஊர்கள் இவை.

உணவுப் பொதியைக் குறைக்கச் சொல்லவில்லை. பத்துப் பொதிக்கு ஒரு பாய் என்று சேர்க்கச் சொல்கிறோம்.

அடுத்த முகாமுக்கு நாங்கள் தயாரித்திருக்கும் பட்டியலில் முதல் வரி: கீழே விரிக்க என்ன? பள்ளிவாசல் நிர்வாகத்தில், கோவில் பரிபாலன சபையில், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்கள் உங்கள் அடுத்த கூட்டத்தில் இந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அலுமாரியில் இருக்கும் மேலதிக விரிப்பைக் கொடுக்க விரும்புபவர்கள் துவைத்து, வெயிலில் காயவைத்து, உங்கள் ஊர்ப் பள்ளிவாசலிலோ பாடசாலையிலோ ஒப்படையுங்கள். அல்லாஹ் நமது மாரியை ரஹ்மத்தான மாரியாக்குவானாக.

வஸ்ஸலாம்.