மலிவுக் கண்ணாடியும் வீண் கண்ணாடியும்

செல்போன் வந்தபின் மூலையில் ஒதுக்கப்பட்ட சின்ன டிஜிட்டல் காமிராக்களுக்கு இப்போது மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. பழைய காமிரா குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று நம்மவர் வாங்கிவிடுகிறார். ஆனால் செலவு அத்துடன் நிற்பதில்லை. "எட்டு பில்டர், இரண்டு லென்ஸ், எல்லாம் ஒரே பெட்டியில், மலிவு விலை" என்று யாராவது ஒரு பெட்டியை நீட்டுகிறார்கள். வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சும் சம்பளத்தில் காலம் தள்ளுகிறவர் அந்தப் பெட்டியை வாங்க வேண்டியதில்லை என்பதே நமது கருத்து.

வாங்குமுன் ஒரு கேள்வி கேட்டால் போதும். இந்தக் கண்ணாடி செய்யும் வேலையைக் காமிராவோ கம்ப்யூட்டரோ செய்துவிடுமா? செய்துவிடும் என்றால் கொடுக்கும் காசு வீண்.

பிலிம் காலத்தில் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படம் மஞ்சளாக விழும். அதைத் திருத்த நீல பில்டர் வேண்டியிருந்தது. இன்று 'ஒயிட் பேலன்ஸ்' அந்த வேலையைச் செய்கிறது. புற ஊதா பில்டர் தூசியும் கீறலும் படாமல் காக்கும் மூடியாக உதவும். அதற்கு மேல் பெரிய பயனில்லை. முன்னால் திருகும் மலிவான 'வைட்', 'டெலி' லென்ஸ்களை மாட்டினால் படத்தின் ஓரங்கள் மங்கும். விளிம்புகளில் ஊதா நிறம் கசியும். பல சமயங்களில் நாலடி முன்னே நடந்து எடுத்தாலே நல்ல படம் கிடைத்துவிடும்.

தேறுவன இரண்டே. ஒன்று 'போலரைசர்'. நீரிலும் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பும் பளபளப்பை இது வெட்டும். அந்தப் பளபளப்பில் மறைந்துபோன விவரத்தை எந்தக் கம்ப்யூட்டரும் பிறகு மீட்டுத் தர முடியாது. ரவீந்திர சரோவர் ஏரியைச் சற்றுச் சாய்வாகப் பார்த்து இதைத் திருப்பினால் நீருக்குள் இருப்பது தெரியும். ஊரில் தாத்தாவின் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றாமலே, பக்கவாட்டிலிருந்து, கண்ணாடி மினுக்கில்லாமல் பிரதி எடுக்கலாம். ஆனால் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் இது விழுங்கிவிடும். ஆகவே பூஜைப் பந்தலின் இரவு விளக்குகளுக்கு இது ஆகாது.

இந்த வித்தைக்கும் கொல்கத்தாத் தமிழருக்கும் பழைய உறவு உண்டு. 1907-இல் அன்றைய கல்கத்தாவுக்கு நிதித்துறை உத்தியோகத்தில் வந்த சி.வி. ராமன், ஆபீஸ் நேரம் போக பவ்பஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917-இல் அந்த வேலையை விட்டுப் பாலித் பேராசிரியரானார். அந்தப் பதவிக்குப் பொருள் தந்த தாரக்நாத் பாலித்தின் பெயரைத்தான் நமது பாலிகஞ்ச் சர்குலர் ரோடு கல்லூரி வளாகம் தாங்கி நிற்கிறது. 1921-இல் கப்பலில் திரும்புகையில், ராமன் 'நிகல்' என்ற சிறு பட்டகத்தால் கடலின் மேற்பரப்புப் பளபளப்பை நீக்கிப் பார்த்தார். நீலம் அப்போதும் மறையவில்லை. கடல் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமன்று என்று அவர் கண்டுகொண்டார். போலரைசர் செய்வதும் அதே வேலைதான்.

இதிலும் சிக்கனம் உண்டு. 'சர்குலர்', 'லீனியர்' என இரு வகை விற்கின்றன. கண்ணாடி வைத்த எஸ்.எல்.ஆர். காமிராவுக்கே சர்குலர் கட்டாயம். சின்ன காமிராவுக்கு விலை குறைந்த லீனியரே போதும். சோதிப்பதும் எளிது. காமிராவில் திருகும் பக்கம் உங்கள் கண்ணை நோக்கியிருக்கும்படி பிடித்து, கடைக்காரரின் கால்குலேட்டர் திரையை அதன் வழியே பார்த்துக்கொண்டே திருப்புங்கள். ஓரிடத்தில் திரை இருண்டுபோனால் சரக்கு உண்மை. இருளாவிட்டால் அது வெறும் சாம்பல் நிறக் கண்ணாடி.

இரண்டாவது, 'குளோஸ்-அப்' லென்ஸ். +2 எண்ணுள்ளதை மாட்டி ஜூமை நீட்டினால் ஏறத்தாழ அரை மீட்டரிலும், +4 என்றால் கால் மீட்டரிலும் உள்ள பொருள் தெளிவாக விழும். பழைய கடிதம், தபால் தலை, நகை வேலைப்பாடு இவற்றுக்கு ஏற்றது.

எதையும் வாங்குமுன் காமிராவின் முன்பக்கத்தில் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான சின்ன காமிராக்களில் இராது. கேனான் ஜி12 போன்றவற்றுக்குத் தனிக் குழாய் மாட்டி 58 மி.மீ. பில்டர் போடலாம். சோனி ஆர்.எக்ஸ்.100-க்கு ஒட்டும் வளையம் உண்டு. அதன் அளவு 49 மி.மீ. காளிகாட்டில் மெட்ரோ ஏறி எஸ்பிளனேடில் இறங்கி, மெட்ரோ கலி காமிராக் கடைகளுக்குப் போகிறவர்கள் காமிராவையும் கையோடு கொண்டுபோவது நல்லது. மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

எட்டு பில்டர் பெட்டிக்குப் போகவிருந்த பணத்தில் இரண்டு கண்ணாடி போதும். மிச்சத்துக்கு நாலு படம் பிரிண்ட் போட்டு ஊருக்கு அனுப்புங்கள். செல்போன் திரை பார்த்துப் பழகாத பெரியவர்களுக்கு அதுதான் கைக்கு வந்து சேரும் படம்.