மொரப்பூர் வரை பஸ்... அப்புறம்தான் ரயில்!

அதியமான்கோட்டைக்குப் பக்கத்திலேயே தர்மபுரி ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால், அது சேலம் - பெங்களூரு பாதை. சென்னை ரயிலைப் பிடிக்க, மூட்டை முடிச்சோடு பஸ் ஏறி மொரப்பூர் போகிறார்கள் மக்கள்.

இத்தனைக்கும் 1906-லேயே மொரப்பூர் - தர்மபுரி குறுகிய பாதையில் ரயில் ஓடியது. பிறகு ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-ல் நின்றுபோனது.

சுமார் 359 கோடி ரூபாய் மதிப்பில், 36 கி.மீ. புதிய பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். நிலம் எடுப்பதிலேயே வருடங்கள் ஓடின.

ரயில் வந்தால் ஊருக்கே லாபம். நிலம் போவதோ சிலருக்கு மட்டும். அவர்கள் கைக்கு நியாயமான விலை முதலில் போய்ச் சேரட்டும். தண்டவாளம் தானாக நகரும்!