பீரங்கிக்குப் பட்டயம், நாட்டுத் துப்பாக்கிக்கு வாய்தா

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சிக்கு மூச்சிரைக்க ஏறி வருகிறவர்கள் முதலில் தண்ணீர் குடிப்பார்கள். பிறகு அங்கே கிடக்கும் பீரங்கியின் மேல் கை வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியரின் போர்க்கோட்டைகள் என்று 12 இடங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, ஒன்று எங்கள் செஞ்சி. மனிதர்களைக் கொல்ல வார்த்த பீரங்கிக்கு இன்று உலகப் பட்டயம் கிடைத்திருக்கிறது.

மலையின் கீழே, பேருந்து நிலையத்தில் ஊசியும் பாசிமணியும் விற்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஊரார் ‘நரிக்குறவர்’ என்பார்கள். அவர்கள் தங்களை ‘வாக்ரி’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அவர் மீது ஆயுதச் சட்டத்தில் ஒரு வழக்கு நடக்கிறது. அவருடைய அப்பா காலத்து ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி, புதுப்பிக்காத உரிமத்தோடு வீட்டுக் கூரையில் செருகியிருந்தது. அதுதான் குற்றம். “வாய்தாவுக்குப் போற அன்னிக்கு மணி விக்க முடியாது சாமி. மணி விக்கப் போனா வாரண்டு” என்றார். சாமி என்று கூப்பிட வேண்டாம் தாத்தா என்றேன். “போலீசையும் சாமின்னுதான் கூப்பிடறோம், உன்னெ கூப்பிட்டா என்ன” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அவரிடம் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். குழல் வாயில் மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி நாரை வைத்து, கடைசியாகக் கேப்பைப் பொருத்த வேண்டும். மழைக்காலத்தில் மருந்து நமத்துப் போகும், குதிரை அடித்தாலும் வெடிக்காது. மருந்து ஒரு சிட்டிகை கூடினால் குழல் வெடித்துக் கையோடு போகும். காடைக்கும் மைனாவுக்கும் பொடி ரவை, முயலுக்குக் கொஞ்சம் பெரியது. ஒரு முறை சுட்டால் மறுபடி நிரப்புவதற்குள் பறவை அடுத்த ஏரிக்குப் போயிருக்கும். அதனால் தப்பாமல் சுடும் தூரம் வரை நெருங்கிப் போகத் தெரிந்திருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கௌதாரி எந்தப் புதரில் அடையும், எந்த மாதம் முட்டையிடும், இதெல்லாம் அவருக்குப் பாடம். நரிக்கு அவர்கள் துப்பாக்கியை நம்பியதில்லை. நரியைப்போல ஊளையிட்டு அருகே வரவழைத்து வலையில் பிடிப்பார்கள். 1909-ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ தொகுதிகளிலேயே இந்த ஊளை பதிவாகியிருக்கிறது. அவர்களை மராத்தி பேசுகிறவர்கள் என்று வேறு தர்ஸ்டன் எழுதிவைத்தார். மராத்தியர் கோட்டைக்குப் பட்டயம் வந்திருக்கும் ஊரில் இதை யாருக்கும் நினைவில்லை.

இனி இன்னொரு வகை வேட்டைக்காரர்களைப் பார்ப்போம். வெள்ளைக்காரத் துரைகளும் மகாராஜாக்களும் எழுதிய வேட்டை நூல்களில், எந்த விலங்குக்கு எந்த ரைஃபிள், எத்தனை கனமுள்ள தோட்டா என்ற பேச்சுக்குப் பஞ்சமில்லை. குழலின் உள்ளே வரிகள் வெட்டியிருந்தால் ரைஃபிள். ஒற்றைக் குண்டு சுழன்று நேராகத் தூரம் போகும், புலிக்கும் காட்டெருமைக்கும் அது. வழவழப்பான குழல் என்றால் ஷாட்கன். ரவை சிதறிப் போகும், பறவைக்கு அது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஒரு உருண்டை நுழையும் குழல்தான் 12 போர். தோட்டாவின் எண் கூடக் கூட உள்ளே இருக்கும் ரவை சிறிதாகும். சம்பாவத் புலியைக் கொன்றதற்காக 1907-ல் ஜிம் கார்பெட்டுக்கு ரிக்பி ரைஃபிள் பரிசாகக் கொடுத்தார்கள். நம் காடுகளில் சுற்றிய கென்னத் ஆண்டர்சன் கையில் .405 வின்செஸ்டர் இருந்தது. சர்குஜா மகாராஜா ஒருவர் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புலிகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. இவர்களெல்லாம் வேட்டைக்காரர்கள், சிலர் பிற்காலத்தில் ‘இயற்கைக் காவலர்’களும் ஆனார்கள். சோற்றுக்கு ஒரு கொக்கைச் சுட்டவருக்கு மட்டும் ‘கள்ள வேட்டைக்காரன்’ என்று பெயர்.

இந்தப் பெயர் வித்தியாசம் தானாக வந்ததில்லை. லிட்டன் பிரபு காலத்து 1878 ஆயுதச் சட்டம், இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் கேட்டது. அடுத்த ஆண்டே, 1879-ல், சென்னை மாகாணம் நீலகிரிக்கு வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. துரைமார் ரைஃபிளோடு போனால் அது விளையாட்டு. மலைமக்கள் கண்ணி வைத்தால் அது அழிவு. சுதந்திர இந்தியா இந்தப் பார்வையை அப்படியே வாரிசுரிமையாக வாங்கிக்கொண்டது.

நம்பாதவர்கள் 1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் படியுங்கள். வழவழப்பான குழலுள்ள துப்பாக்கிக்கு எதற்காக உரிமம் கொடுக்கலாம்? தற்காப்புக்கு அல்லது விளையாட்டுக்கு. வாய்வழி மருந்திடும் நாட்டுத் துப்பாக்கிக்கு? பயிர்ப் பாதுகாப்புக்கு. பொழுதுபோக்காகச் சுடுகிறவருக்கு அந்தப் பிரிவில் இடம் இருக்கிறது, நிலம் உள்ளவருக்கு இடம் இருக்கிறது. சுட்டால்தான் அடுப்பு எரியும் என்றிருந்த, ஒரு சென்ட் நிலமும் இல்லாத மனிதர் அந்தச் சட்டத்தின் கற்பனையிலேயே இல்லை. பயிரே இல்லாதவர் எந்தப் பயிரைப் பாதுகாக்க விண்ணப்பிப்பது?

1972-இல் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது வேட்டையை ஒரேயடியாக நிறுத்திவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சிறு விலங்கு, பெரு விலங்கு என்று பிரித்து வேட்டை உரிமம் வழங்க அதில் வழி இருந்தது. 1991-இல் வந்த திருத்தம்தான் அதை நீக்கியது. பத்தொன்பது ஆண்டுகள், மனுப் போட்டு அலுவலகம் ஏறி இறங்கத் தெரிந்தவருக்குக் கதவு திறந்தே இருந்திருக்கிறது.

2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். உரிமம் இல்லாத சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு. அதே திருத்தத்தில், கல்யாணத்திலும் திருவிழாவிலும் உற்சாகமாகத் துப்பாக்கியால் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் அதிகபட்சமே இரண்டு ஆண்டுதான், அல்லது அபராதத்தோடு போய்விடலாம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடும் ஆளின் உச்சத் தண்டனை எங்கே முடிகிறதோ, அங்கேதான் கூரையில் செருகிய நாட்டுத் துப்பாக்கிக்காரரின் தண்டனை தொடங்குகிறது.

இதற்கு நேர் எதிரான காட்சியைப் பார்க்கக் குடகுக்குப் போனால் போதும். கொடவர் சமூகத்தவருக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் கொடுத்த சலுகை அது. 2019-இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. எதிர்த்துப் போட்ட வழக்கை 2021-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. போர்க்குடி என்பதும் நெடுங்கால வழக்கம் என்பதும் அங்கே காரணங்களாக நின்றன. கொடவர்களிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. ஒரு சமூகத்தின் துப்பாக்கி பண்பாடாகவும் இன்னொரு சமூகத்தின் துப்பாக்கி குற்றமாகவும் ஆவது எப்படி என்று கேட்கிறேன். நிலமும் போர்க்குடிப் பட்டமும் இருந்தால் துப்பாக்கி பூஜை அறைக்குப் போகிறது, இரண்டும் இல்லையென்றால் காவல் நிலையத்துக்குப் போகிறது.

நான் பிறந்த சேரி செஞ்சியிலிருந்து அதிக தூரமில்லை. ஊர்த்தெருப் பெரிய வீட்டுக் கூடத்தில் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று மாட்டியிருக்கும். சின்ன வயதில் கூலி வாங்கப் போகும் அம்மாவோடு வாசலில் நின்று அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது எந்தக் காட்டுப்பன்றியையும் சுட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் கூலி உயர்த்திக் கேட்ட ஆண்டில் அதைக் கழற்றித் திண்ணையில் வைத்து எண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். பகல் முழுக்கத் துடைத்தார்கள். சேரிக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் உண்டு, காரணம் ‘தற்காப்பு’.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக்கு வந்தவர்கள் கையிலும் துப்பாக்கிகள் இருந்தன. சூடுபட்டு ஓடி, குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிந்தார்கள். இந்த நாட்டில் துப்பாக்கியைப் பார்த்து யார் பயப்பட வேண்டும் என்பதை நமக்குக் காட்டியவர்கள் வாக்ரிகள் இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1936-இல் ‘சாதியை அழித்தொழித்த’லில் இதைத்தான் கேட்டார்: இந்த மக்கள் ஏன் எதிர்த்துப் போராடவில்லை? வர்ண அமைப்பு அவர்களிடமிருந்து ஆயுதத்தையும் கல்வியையும் பறித்திருந்தது என்பது அவர் தந்த விடை. செஞ்சியில் சக்கிலிதுர்க்கம் என்றொரு குன்றும் இருக்கிறது. கோட்டையைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். யாருடைய ஆயுதம் வரலாறு, யாருடைய உழைப்புக்குப் பெயரே கிடையாது என்பது இங்கே கல்லிலேயே எழுதியிருக்கிறது.

சில தோழர்கள் கேட்பார்கள்: பறவைகளைச் சுடுவதை நியாயப்படுத்துகிறாயா? இல்லை. ஏரிகள் வற்றி, கொக்கும் கௌதாரியும் குறைந்துவிட்ட காலத்தில் வேட்டைக்கு உரிமை கேட்கவில்லை. அந்தப் பெரியவரும் கேட்கவில்லை. அவர் பேரன் கல்லூரிக்குப் போகிறான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஏரியைத் தூர்த்து மனைப்பிரிவு போட்டவருக்கு, வயலில் பூச்சிமருந்தைக் கொட்டியவருக்கு, மலையை உடைத்து ஜல்லியாக்கியவருக்குப் பறவைகள் அழிந்ததில் பங்கில்லையா? அவர்களில் எத்தனை பேர் வாய்தாவுக்கு அலைகிறார்கள்? சூழலியல் பேசும் நம்மில் பலருக்கு, தோளில் துப்பாக்கியோடு போகும் மெலிந்த மனிதரைக் கண்டால் வரும் கோபம், பொக்லைனைக் கண்டால் வருவதில்லை. ‘ஒளிவிளக்கு’ காலத்திலிருந்து சினிமா அவர்களை ஆடவைத்துச் சிரித்தது. நாம் சிரிக்காமல் அறிவுரை சொல்கிறோம்.

வேட்டை முடிந்துவிட்டது என்று சொல்லும் அரசே இப்போது துப்பாக்கியை எடுக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் விளைநிலத்துக்கு வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று முடிவெடுத்தது. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் உத்தரவிட, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சுடுகிறார்கள். உரிமத் துப்பாக்கி யாரிடம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தலைமுறை தலைமுறையாக விலங்கின் தடம் படித்தவர்களை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. முடியாத காரியமா இது? பாம்புத்தோல் வணிகம் நின்றபோது, 1978-இல் இருளர்களுக்காகப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அவர்கள் எடுக்கும் நஞ்சில்தான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. ஒரு சமூகத்தின் அறிவைக் குற்றமாக்காமல் வேலையாக்க முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது.

1965-இல் லோகூர் குழு பரிந்துரைத்தது. 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது. 57 ஆண்டுகள். சான்றிதழ் கையில் வந்தது, வழக்கு தலையிலிருந்து இறங்கவில்லை. பழங்குடி என்று ஏற்றுக்கொண்ட அரசு, அந்த வாழ்க்கையின் கருவியை வைத்திருந்ததற்காக அவர்களைக் கூண்டில் நிறுத்துவது என்ன நியாயம்?

கேட்க வேண்டியவை அதிகமில்லை. யாருக்கும் காயம் உண்டாக்காத, வைத்திருந்ததற்காக மட்டும் போட்ட நாட்டுத் துப்பாக்கி வழக்குகளை அரசு திரும்பப் பெற வேண்டும். வழக்கைத் திரும்பப் பெற அரசு வழக்கறிஞருக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. கொடவர்களுக்கு விலக்களித்த ஆயுதச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு இவர்களுக்கும் பொருந்த வேண்டும். சுடுவதற்காக இல்லை, மூதாதையர் பொருளாக அச்சமின்றி வைத்திருப்பதற்காக. காட்டுப்பன்றி விரட்டவும் காடு காக்கவும் ஆளெடுக்கும்போது வாக்ரி, இருளர் இளைஞர்களுக்கு நிரந்தர ஊதியத்தோடு முன்னுரிமை தர வேண்டும். கூலிக்காரர்களைப் பார்த்து எண்ணெய் போட்டுத் துடைக்கப்படும் ‘தற்காப்பு’த் துப்பாக்கிகளின் உரிமங்களை, வன்கொடுமை நடந்த ஒவ்வொரு ஊரிலும் மறு ஆய்வு செய்ய வேண்டும்.

அடுத்த முறை செஞ்சிக்கு வந்தால் ராஜகிரிக்கு ஏறுங்கள், பீரங்கியையும் பாருங்கள். இறங்கி வந்து பேருந்து நிலையத்தில் அந்தப் பெரியவரைத் தேடுங்கள். அன்று அவர் இல்லையென்றால் வாய்தாவுக்குப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.