கொட்டித் தீராத கோபம்

“அவர் கத்துவார், ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டார். அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவார்.” நம் குடும்பங்களில் காலங்காலமாகச் சொல்லப்படும் சமாதானம் இது. கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்ற பழமொழி இதற்குத் துணை. படித்தவர்கள் இதையே உளவியலாக்கிச் சொல்கிறார்கள்: உள்ளேயே அடக்கி வைத்தால் குக்கர் மாதிரி வெடித்துவிடுமாம், அவ்வப்போது விசில் வந்துவிட வேண்டுமாம். இதில் எதுவும் உண்மையில்லை. கொட்டக் கொட்டக் கோபம் வளரவே செய்கிறது.

குக்கர் கதைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. வியன்னாவில் 1895இல் பிராயரும் பிராய்டும் வெளியிட்ட ‘ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகள்’ நூல், வெளிவர வழியில்லாமல் சிக்கிக்கொண்ட உணர்ச்சிதான் நோயாகிறது என்றது. அவர்கள் செய்த வைத்தியம் நோயாளியைப் பேசவைப்பது. எதிரில் இருப்பவர்மேல் பாயச் சொல்லவில்லை. ஊர் வாய்க்குள் புகுந்தபோது, பேச்சு கழன்று பாய்ச்சல் மட்டும் மிஞ்சிவிட்டது.

அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிராட் புஷ்மேன் இந்த நம்பிக்கையை 600 மாணவர்களிடம் சோதித்தார். அவர்கள் எழுதிய கட்டுரையை இன்னொரு மாணவர் படுமட்டம் என்று திட்டியதாகக் காட்டி முதலில் கோபமூட்டினார். ஒரு பிரிவினர் திட்டியவரை நினைத்தபடியே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சியை நினைத்துக் குத்தினார்கள். மூன்றாம் பிரிவினர் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பிறகு, திட்டியவரின் காதில் பேரிரைச்சலைப் பாய்ச்ச எல்லோருக்கும் வாய்ப்புத் தரப்பட்டது. 2002இல் வெளியான முடிவின்படி, ஆளை நினைத்துக் குத்தியவர்களின் கோபமே அதிகம். வன்மம் மிகக் குறைந்திருந்தது சும்மா இருந்தவர்களிடம். 2024இல் அவரும் சோஃபி கியார்விக்கும் 154 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மூச்சுப்பயிற்சி, தியானம் என்று உடம்பின் படபடப்பை இறக்குபவை கோபத்தைக் குறைத்தன. ஓடுவதுகூடக் குறைக்கவில்லை.

கத்தியபின் ஓர் ஆசுவாசம் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை. அந்த ஆசுவாசம்தான் மறுபடியும் கத்தச் சொல்லிக் கொடுக்கிறது. பத்து வருஷம் இப்படிப் பழகிய ஒருவருக்குச் சாம்பாரில் உப்புக் குறைந்தாலே போதும்.

‘கட்டுப்படுத்த முடியல’ என்ற வாதத்தைத்தான் என்னால் சகிக்க முடிவதில்லை. மேலதிகாரி எல்லோர் முன்னாலும் ஏசும்போது அதே மனிதர் “சரி சார்” என்று நிற்கிறார். சாயங்காலம் மனைவியிடமும் பிள்ளையிடமும் மட்டும் கட்டு அறுந்துவிடுகிறது. யார்மேல் கோபம் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். யார்மேல் காட்டினால் ஆபத்தில்லை என்பதை அவர் மனம் துல்லியமாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. செல்லுபடியாகும் இடத்தில் கோபத்தைக் காப்பவனே அதைக் காப்பவன் என்ற கருத்தோடுதான் வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்குகிறார்.

சரி, அவர் மறந்துவிடுகிறார். மற்றவர்கள்? அப்படிப்பட்ட வீடுகளில் மாலை ஏழு மணிக்குப் பாருங்கள். தெருமுனையில் அப்பாவின் பைக் சத்தம் கேட்டதும் ரிமோட்டைத் தேடிச் சத்தத்தைக் குறைக்கிறது ஒரு கை. ஸ்டாண்ட் போடும் ஓசையிலிருந்தே இன்றைக்கு என்ன மூடு என்று மூத்தவள் கண்டுபிடித்துவிடுவாள். சோற்றுத்தட்டு பறந்த நாள் எது என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் இருபது வருஷம் கழித்து, தன்மேல் எந்தத் தப்பும் இல்லாத ஒரு கூட்டத்தில் யாரோ குரலை உயர்த்தினால் அவள் உள்ளங்கை சில்லிட்டுப் போகும். கணவன் பேசாமல் இருந்தாலே, நான் என்ன செய்தேன் என்று தேடத் தொடங்குவாள்.

நினைவில் இல்லாதது உள்ளத்திலும் இல்லை என்று நினைப்பவர்கள் எதுவார் கிளாபரேத் என்ற ஜெனீவா மருத்துவர் 1911இல் எழுதியதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய நோயாளி ஒரு பெண்மணிக்குப் புதிதாக எதுவும் நினைவில் தங்காது. தினமும் பார்க்கும் டாக்டரே அவருக்குப் புது ஆள். ஒருநாள் கிளாபரேத் விரலிடுக்கில் குண்டூசியை மறைத்துக்கொண்டு கைகுலுக்கினார். குத்தியது. அந்தப் பெண்மணி அதையும் மறந்தார். அடுத்தமுறை டாக்டர் கை நீட்டியபோது மட்டும் தன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

வாயை மூடிக்கொண்டு புழுங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. “இன்னிக்கு ஆபீஸ்ல ரொம்ப அவமானமாப் போச்சு” என்று ஒருவர் வீட்டுக்கு வந்து சொல்ல முடியும். உணர்ச்சிக்குப் பேர் வைத்துச் சொல்லும்போது மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு அடங்குவதை மேத்யூ லீபர்மேன் குழு 2007இல் ஸ்கேன் வழியாகக் காட்டியது. அவமானம் என்று ஒத்துக்கொள்ள ஆண்களுக்கு வெட்கம், அதைவிடக் கோபம் கௌரவமாகத் தெரிகிறது. அந்தக் கௌரவத்தைக் கொடுத்து வைத்திருப்பது நாம்தான்.

முதலில் ஒன்றை நிறுத்துவோம். நடுங்கி நிற்கும் குழந்தையிடம் போய், “அப்பா மனசுல ஒண்ணுமில்லடா” என்று சொல்லாதீர்கள். தன் பயமே தப்பு என்றுதான் அது புரிந்துகொள்ளும். “அப்பா கத்தினது தப்பு, உன்மேல தப்பில்ல” என்று அம்மா சொல்லலாம், பாட்டி சொல்லலாம். கத்தியவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.