வில்லன் இல்லாத வர்க்கப் போர்

போங் ஜூன் ஹோவின் 'பாரசைட்' (2019) படத்தை ஏழை–பணக்காரர் மோதல் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் அதில் அடிதடி பெரும்பாலும் ஏழைகளுக்குள்தான். பாதி தரைக்கடியில் இருக்கும் வீட்டில் வாழும் கிம் குடும்பம், பணக்கார பார்க் குடும்பத்தின் வீட்டில் வேலை பெறுவதற்காக, அங்கிருந்த டிரைவரையும் பணிப்பெண்ணையும் சூழ்ச்சியால் துரத்துகிறது. பிறகு அந்த வீட்டின் நிலவறையில் ஒளிந்திருக்கும் பணிப்பெண்ணின் கணவனோடு மல்லுக்கு நிற்கிறது. அவனோ முதலாளி பார்க்கின் படத்தை வைத்துக் கும்பிடுகிறான்! தங்கள் பொதுவான வர்க்க நலனை உணராத உழைப்பாளிகள் தமக்குள்ளேயே போட்டியிடுவார்கள் என்ற மார்க்ஸின் பார்வைக்கு இது அழுத்தமான திரைச் சான்று.

பார்க் குடும்பம் நல்லவர்கள்தானே, ஏமாற்றியது கிம் குடும்பம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மார்க்ஸின் வழிவந்த முரண்பாட்டுக் கோட்பாடு குணத்தை எடைபோடுவதில்லை. யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்று பார்க்கிறது. ஒரே மழை கிம் வீட்டைச் சாக்கடை நீரில் மூழ்கடிக்கிறது. மறுநாள் திருமதி பார்க் அந்த மழையால் காற்று சுத்தமானதாக மகிழ்கிறார். அவரிடம் கொடுமை இல்லை. கீழே நடந்ததைத் தெரிந்துகொள்ளும் அவசியமும் அவருக்கு இல்லை. கோட்பாடு தடுமாறும் இடம் வேறு. தன் மகளைக் குத்தியவனின் நாற்றத்துக்கு முதலாளி மூக்கைப் பிடித்ததைக் கண்டதும், கிம் குடும்பத்தின் தந்தை கி-தேக் அந்த முதலாளியைக் குத்துகிறான். இதைக் கூலிக் கணக்கால் மட்டும் விளக்க முடியாது. சமூகவியலாளர் வெபர் பேசிய அந்தஸ்தும் தேவைப்படுகிறது.